காட்டை ஒட்டிய வீட்டில் உண்ணி, தெள்ளுப்பூச்சி: மருந்தடிக்க ஆண்டு ஒப்பந்தம் போடலாமா?

இப்போதைக்குப் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலில் நாயைப் பாருங்கள், சருகைப் பாருங்கள், எலியைப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

காட்டோரத்தில் வீடு வாங்கியிருக்கிறோம், மாதத்தில் சில நாள்தான் வந்து தங்குகிறோம், நாய் காவல்காரரிடம் இருக்கிறது, வரும்போதெல்லாம் கணுக்காலைச் சுற்றிக் கடிக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு தோட்டம் முழுக்க மருந்தடிக்க ஒரு கம்பெனி ஒப்பந்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மாதிரி ஒரு ஒப்பந்தத் தாளை எங்கள் வீட்டுத் திண்ணையிலும் நீட்டினார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காட்டுக்குப் பக்கத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள் என்று கேட்க ஆள் வரும், தெரியும். நாங்கள் கூடலூர் பக்கம். மாமனாரின் அப்பா காலத்து வீடு இது. கொஞ்சம் காப்பி, மிளகு, ஒரு பசு, கருப்பன் என்று ஒரு நாட்டு நாய். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. காட்டை வெட்டிக் கட்டிய சொகுசு விடுதி இல்லை, பிழைப்பு நடக்கிற வீடு.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், கருப்பன் படுக்கும் பின்திண்ணைச் சுவரில் புள்ளி புள்ளியாக ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் உண்ணிக் குஞ்சு. நாய் உண்ணிக்குச் சுவரில் மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றினேன். அதன் பின்னால், சுண்ணாம்பு பெயர்ந்த விரிசலில், பழுப்பு நிறக் கசகசாவைக் குவித்து வைத்த மாதிரி முட்டை. பக்கத்திலேயே முட்டையிட்டு முடித்து வற்றிச் சுருங்கிய தாய் உண்ணி. குச்சியால் தொட்டதும் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வந்தன. ஒரு தாய் உண்ணி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நாயின் மேல் நாம் பார்த்துப் பிடுங்குவது மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். மற்றதெல்லாம் சுவரிலும் தரை விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் இருக்கும். குஞ்சாக ஒரு தடவை, கொஞ்சம் வளர்ந்து ஒரு தடவை, முழு உண்ணியாக ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை நாயின் மேல் ஏறி இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிச் சுவரில் ஒளிந்துகொள்ளும். காட்டிலிருந்து தினமும் புதிதாக வருகிறது என்று நீங்கள் நினைப்பதில் பாதி உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது.

இதை அன்றைக்கே வீட்டில் சொன்னேன், முதலில் நாயை டாக்டரிடம் காட்டுவோம் என்று. ஆனால் மருந்தடிக்கும் கம்பெனிக்காரர் வந்து என் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசினார். வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவள், தொழுவத்தில் நிற்கிறவள், நாய்க்குச் சோறு வைக்கிறவள் நான். எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அடித்தது என்ன மருந்து என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை. "வாசனை போகும்வரை நாயை வேறெங்காவது கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மருந்தின் பெயரை நீங்கள் கட்டாயம் கேளுங்கள். பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். நாய்க்கு ஊற்றும் அந்த வகைச் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஊற்றிப் பூனை செத்த வீடுகள் உண்டு.

கருப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டினோம். வீட்டில் பசியோடு இருந்த உண்ணிகள் நாயைக் காணாமல் தரையிலும் பாயிலும் அலைய ஆரம்பித்தன. இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய ஜீவன் அது. மாமனாரின் கம்பளியில் ஒன்றை எடுத்த அன்று, யாரையும் கேட்காமல் நானே கருப்பனைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாயை எதுக்கும்மா வெளியே அனுப்பினீங்க? வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. மாத்திரை போட்ட நாய் அதே இடத்துல படுத்திருந்தாத்தான், சுவருல இருக்கிறதெல்லாம் வந்து அவனைக் கடிச்சுட்டுச் சாகும்."

இதுதான் விஷயமே. ஃப்ளூராலானர், அஃபோக்சோலானர் என்ற மருந்துகள் மாத்திரையாக வருகின்றன. முன்னது ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும், பின்னது ஒரு மாதம். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் நாயைக் கடித்த பிறகு சாகும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் முழுக்க மருந்தடிக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு வருகிற நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இந்த வகை மாத்திரை அதற்கு ஒத்துவராமல் போகலாம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துக் கிடந்தால் உண்ணியால் வரும் இரத்த நோய் தொற்றியிருக்கலாம். அதற்கு மாத்திரை போதாது, இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரை கொடுத்த கையோடு சுவர் விரிசலையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்தோம். கண்ணில் பட்ட முட்டைக் குவியலைச் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். கருப்பனின் சாக்கை எரித்துவிட்டு, வாரா வாரம் கொதிநீரில் அலசக்கூடிய பழைய போர்வையைப் போட்டேன். குறைய நாள் பிடித்தது, ஆனால் குறைந்தது. ஒரு தலைமுறை முழுக்க நாயைத் தேடி வந்து சாகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பசு சங்கதி வேறு. பால் கறக்கிற மாட்டுக்குக் கண்ட மருந்தையும் பூச முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பரப்பிய மூலிகைக் கரைசல் ஒன்று இருக்கிறது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைச் சொல்கிறது. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, நல்ல வெயில் நேரத்தில் மாட்டின் மேல் தெளிக்க வேண்டும். அதே கரைசலைத் தொழுவத்து விரிசலிலும் விடாமல் அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை. எங்கள் பசுவுக்கு இது போதுமானதாக இருந்தது. இயற்கை மருந்தை நம்பாதவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உண்ணி அப்பிக்கிடக்கிற மாட்டுக்கு டாக்டர் எழுதும் மருந்துதான் என்று நானே சொல்லுவேன்.

இனி தோட்டம். உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி முன்னங்காலை நீட்டிக்கொண்டு யாராவது உரசிப் போகட்டும் என்று காத்திருக்கும். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது, ஈரச் சருகும் நிழலும்தான் வேண்டும். அதனால் வீட்டைச் சுற்றி வெயில் விழுகிற மாதிரி ஒரு பட்டையைச் சுத்தமாக வைத்திருங்கள். அமெரிக்காவில், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இருக்கிற பகுதிகளில் புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஜல்லியோ மரச்சீவலோ கொட்டச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து மழைக்கு மரச்சீவல் ஒரே பருவத்தில் மக்கிவிடும், ஜல்லிதான் சரி. விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்காமல், கல் வைத்து உயர்த்தி வெயிலில் அடுக்குங்கள். அடியில் எலி குடும்பம் நடத்தாது. பலா பழுக்கும் முன்பே வெட்டி இறக்கிவிடுங்கள். விழுந்து கிடக்கும் பலாப்பழத்துக்கு யானை வருவது எல்லோருக்கும் தெரியும், பன்றியும் மானும் குரங்கும் அதற்குத்தான் வருகின்றன. வரும்போது மேலே இருக்கிற உண்ணியையும் உங்கள் முற்றத்தில் உதிர்த்துவிட்டுப் போகும்.

தொழுவத்தில் பரப்பவும் உரக்குழிக்கும் காட்டிலிருந்து சருகு அள்ளி வரும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். குரங்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது கண்டுபிடித்த வைரஸ் நோய். பரப்புவது காட்டு உண்ணி. அது எங்கோ கர்நாடகத்தில் என்று இருந்துவிட முடியாது. 2012இல் முதுமலைப் பக்கத்துக் குரங்குகளிலும் அந்த வைரஸ் தெரிந்தது, 2015இல் வயநாட்டில் ஏகப்பட்ட பேருக்கு வந்தது. டிசம்பரிலிருந்து மே வரை கவனமாக இருக்க வேண்டிய காலம். செத்த குரங்கைப் பார்த்தால் தொடாதீர்கள், புதைக்கவும் போகாதீர்கள், வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

காய்ச்சல் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பனுக்கு மாத்திரை போட்ட அதே ஆண்டு குளிர் தொடங்கியபோது மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, விடாத காய்ச்சல், தலைவலி. ஒரு இடத்தில் வைரல் என்றார்கள், இன்னொரு இடத்தில் டைபாய்டு என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்த்தார். உள்ளே, நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலியே இல்லாததால் மாமாவுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னாலும் நாய் உண்ணியால் வருவதில்லை. புதரிலும் எலியின் மேலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டாக்சிசைக்ளின் தொடங்கியதும் சீக்கிரமே காய்ச்சல் இறங்கியது. விலை குறைந்த மாத்திரைதான். ஆனால் தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிரையே எடுத்துவிடும். முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்திருக்கிறது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, நீங்களாக மாத்திரை வாங்கிப் போடச் சொல்லவும் இல்லை. காட்டோரத்தில் தங்கிவிட்டுப் போன பிறகு காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம், காது மடலின் பின்புறம் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுத்தால் வந்துவிடும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நீங்கள் அப்படி இல்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் வார இறுதி வீடு வாங்குகிறவர்கள் ஆசைக்கு ஒரு ஜாதி நாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அடர்ந்த முடி வைத்த, மழையையே தாங்காத நாய்கள். காவல்காரருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தால் நாய்க்குச் சோறு உண்டு. வீட்டை விற்றுவிட்டுப் போனால் நாய் ரோட்டில். அப்படி விட்டுப்போன ஒன்று எங்கள் வேலியோரம் வந்து படுத்திருந்தது. காதுக்குள் விரல் நுழைய இடமில்லாமல் உண்ணி. நானும் பக்கத்துத் தோட்டத்து அக்காவும் உட்கார்ந்து பிடுங்கினோம், டாக்டரிடமும் கொண்டுபோனோம், இரத்தமெல்லாம் வற்றிப்போய்ப் பிழைக்கவில்லை. கழுத்தில் பெயர் எழுதிய பட்டை கூட இருந்தது. வாங்கும்போது அவ்வளவு விலை கொடுத்தவர்களுக்கு மாத்திரைக்குக் காசு இல்லையா? இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணுக்காலில் கடிப்பது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. அதன் கூட்டுப்புழு பூட்டிய வீட்டின் தரையில் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். நீங்கள் கதவைத் திறந்து நடமாடுகிற அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் ஒட்டுமொத்தமாக வெளியே வரும். கூட்டுக்குள் இருப்பதை அடிக்கிற மருந்து எதுவும் சரியாகத் தொடாது, அதனால்தான் அடித்த பிறகும் கடிக்கிறது. நாய்க்கு மாத்திரை போட்டுவிட்டு, வந்து இறங்கிய அன்றே எல்லா அறையையும் வேக்குவம் கிளீனரால் மூலை முடுக்கு விடாமல் இழுங்கள். தங்கும் நாளெல்லாம் தினமும் செய்யுங்கள். பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவையுங்கள். காவல்காரர் அறையையும் சேர்த்துச் செய்யுங்கள், நாய் படுப்பது அங்கேதான். அவருக்கும் கடித்துக்கொண்டுதான் இருக்கும், முதலாளியிடம் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த தடவை போகும்போது அவரிடமே கேட்டுப் பாருங்கள்.