மருத்துவத் தவறுக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாதா?

தீராது. என் அக்காவுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அக்காவுக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மற்ற மாத்திரைகளோடு இதற்கும் ‘இரவு’ என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தார்கள். அக்கா தாளில் உள்ளதை அப்படியே கடைப்பிடிப்பவள். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. எட்டாம் நாள் வாய் முழுக்கப் புண். தண்ணீர் பட்டாலே துடித்தாள். உடல் சூடு என்று நினைத்து நாங்கள் இரண்டு நாள் வீணாக்கினோம். காய்ச்சல் வந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. அந்த மாத்திரையின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலத்தை ஏற்றி, தனி அறையில் 16 நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள்.

அந்த 16 நாளுக்கு ரசீது இருக்கிறது. மாமா சம்பளமில்லாமல் எடுத்த விடுப்புக்கும், அக்கா ஐந்து மாதம் வேலைக்குப் போகாததற்கும், அவள் மகள் அந்த ஆண்டு எழுதாமல் விட்ட தேர்வுக்கும் ரசீது கிடையாது. அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் வந்தது. பயந்துபோன அக்கா முடக்குவாதத்துக்கான எந்த மருந்தையும் இரண்டு ஆண்டுகள் தொட மறுத்துவிட்டாள். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. இன்று பொத்தான் போட்டுவிட அவளுக்கு இன்னொருவர் கை வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே தீங்கு நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது. மருந்துத் தவறுகளால் மட்டும் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவு என்று 2017இல் அந்த நிறுவனம் கணக்கிட்டது. அக்காவின் விரல்கள் இந்தக் கணக்கில் எங்கும் வராது.

அந்தத் தாளை எழுதிய செவிலியர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தவறு செய்து நொறுங்கிப்போகும் மருத்துவப் பணியாளரை ‘இரண்டாவது பாதிப்பாளர்’ என்று 2000இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் குறிப்பிட்டார். அந்தச் செவிலியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும். பல மாதங்கள் கழித்து அதே மருத்துவமனைக்குப் போனபோது, அதே அச்சிட்ட தாளைத்தான் கொடுத்தார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். கிழமை எழுத இடமே இல்லை. ஆளை மாற்றினார்கள், தாளை மாற்றவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதன் மேல்தான்.

ஒரு தாளை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க 19 வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் எட்டு நகரங்களில் சோதித்தது. அறுவைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் முடிவு வெளியானது.

உங்கள் வீட்டில் முடக்குவாதத்துக்காக யாராவது மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டால், எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுத்தால் எழுதி வாங்குங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் எங்களைப் போல் இரண்டு நாள் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.