நேட்டாலுக்கு வந்த பாட்டனாரைத் தேட முதலில் எண் வேண்டும், கிரானைட் வேண்டாம்

கேள்வி: நான் வேலூர்ப் பக்கம் பிறந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வாழ்க்கைப்பட்டவள். இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். கணவருக்கு ஐம்பது வயசு சொச்சம். என் கணவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர். வந்தது 1872-இல் என்கிறார் மாமனார். ஸ்டாங்கருக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குள் குடும்ப இடுகாடு இருக்கிறது. நிலம் இப்போது வேறொருவர் கையில். கல் உள்ள சமாதிகள் சிலதான், எழுத்து தமிழ், வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கே பாதி புரியவில்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் வந்து, பூர்வீக ஊரைக் கண்டுபிடித்து, ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) காகிதம் தயார் செய்து, இடுகாட்டையும் கிரானைட் பதித்துப் புதுப்பித்து, எல்லாம் ஒரே தொகையில் முடித்துத் தருகிறேன், பாதி முன்பணம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ராண்ட் கூட. அந்தத் தரகர் விற்கும் மூன்றில் முதலாவது உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கும், இரண்டாவதற்கு உங்கள் வீட்டில் அவர் சொல்லும் வழி தேவையே இல்லை, மூன்றாவது முதலாவதுக்கான சாட்சியத்தையே அழித்துவிடும். இந்த மாதிரி ஆட்கள் சொல்லும் வரிசையே தலைகீழ். முன்பணம் வாங்கியதும் முதலில் கிரானைட்டைப் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் அந்த 1872. மாமனார் மனம் நோகாமல் சொல்லுங்கள், அது நடந்திருக்க முடியாது. நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பன் வந்தது. 1866-இல் ஆள் எடுப்பதை நிறுத்தி, 1874-இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். நடுவில் எட்டு வருஷம் கூலிக் கப்பலே இல்லை. 1911-இல் மொத்தமாக நிறுத்தப்பட்டது. ஆகவே உங்கள் ஆள் 1866-க்குள் வந்திருக்க வேண்டும், அல்லது 1874-இலோ அதற்குப் பிறகோ. கணவருக்கு ஐம்பது வயசு சொச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், தலைமுறைக் கணக்குப் போட்டால் 1880-களில் வந்திருப்பார் என்றுதான் படுகிறது. குடும்பத்தில் வாய்வழியாக வரும் வருஷத்தை நம்பிக் கப்பல் பட்டியலைத் தேடப் போகிறவர்கள் வேறு யாருடைய பாட்டனாரையோ வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள்.

பெயரை வைத்தும் தேடாதீர்கள். முனுசாமியும் வீராசாமியும் பட்டியலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியது வேறு. இன்று நீங்கள் போட்டுக்கொள்ளும் கவெண்டரும் மூட்லியும் பிள்ளையும் பல வீடுகளில் பின்னால் வந்து ஒட்டியவை, கப்பலில் ஏறியபோது அந்த ஆளிடம் இருந்தது தன் பெயரும் அப்பா பெயரும்தான். தேட வேண்டியது எண். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், மொத்தம் 1,52,184 வரை போனது. அந்த ஆளின் சாவு வரைக்கும் அந்த எண் கூடவே வரும். முக்கியமாக, பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் அப்பாவின் எண்ணும் அம்மாவின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். கொள்ளுத்தாத்தா, அவருடைய அக்கா தங்கைகள், யாருடைய திருமணச் சான்றிதழ் கிடைத்தாலும் சரி. அத்தைமார் வீட்டில்தான் இந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கும், ஆண் வாரிசுகள் எப்போதோ தொலைத்திருப்பார்கள்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கப்பல் பட்டியலில் அந்த வரியில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் தழும்பு என்று வரும். பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், காந்தி-லுதூலி ஆவண மையம் என்று கேளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறையின் கடிதக் கோப்புகள் கிடக்கின்றன, முதலாளி மேல் கொடுத்த புகார், ஊருக்குத் திரும்பக் கேட்ட மனு இப்படி. நேட்டால் இறப்புப் பதிவுகள் நிறைய ஃபேமிலிசர்ச் தளத்தில் படமாகவே கிடைக்கும், காசு கிடையாது. இதைத்தான் அந்தத் தரகர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார். வரியைக் கண்டுபிடித்ததும் அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவி, தம்பி, அதே ஊர்க்காரர் எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்ணில் இருப்பது சாதாரணம்.

சாதி என்ற கட்டத்தைப் பார்த்து வீட்டில் சண்டை வரும், எப்போதும் வரும். நான் அதற்குள் போகவில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வீடுகளில் இதைச் சொல்லித்தான் தேடலையே கெடுக்கிறார்கள். கைக்காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு இந்த எண் கிடையாது. பாசஞ்சர் இந்தியர் என்பார்கள். குஜராத்தி வியாபாரிகள் அதிகம், மொரீஷியஸ் வழியாக வந்த தமிழ்க் கடைக்காரர்களும் உண்டு. இவர்களைக் கப்பல் பட்டியலில் தேடிப் பிரயோஜனமில்லை, கடை லைசென்ஸ், குடியிருப்புச் சான்று, சொத்துக் கோப்பு இவற்றில்தான் தேட வேண்டும். சரி. ஆனால் யாரைக் கேட்டாலும் எங்கள் பாட்டன் கூலியாக வரவில்லை, வியாபாரத்துக்கு வந்தார் என்கிறார்கள். அவ்வளவு வியாபாரிகள் வந்திருந்தால் கரும்பை யார் வெட்டியது? உங்கள் வீட்டில் மாமனாரே கூலியாக வந்தவர் என்று சொல்கிறார், அந்தமட்டில் நல்லது, ஆனால் நாளைக்கே ஒரு பெரியப்பா எழுந்து இல்லை இல்லை, பாசஞ்சர் என்பார். அவரிடம் வாதாட வேண்டாம். பிள்ளைகளின் பதிவில் எண் இருக்கிறதா பாருங்கள். எண் இருந்தால் கூலி. எந்தக் காகிதத்திலும் எண் இல்லை, இறப்பு அறிவிப்பிலும் இல்லை, பட்டியலையும் நன்றாகத் துழாவியாயிற்று என்றால் மட்டும் பெரியப்பா சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் எடுத்த எடுப்பில் அல்ல, ஒரே பெயரை மூன்று விதமாக எழுதித் தேடிப் பார்த்த பிறகு.

ஊர் விஷயத்தில் இன்னொரு பொறி. பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் உடனே உங்கள் பிறந்த ஊர்ப் பக்கம் என்று சந்தோஷப்படாதீர்கள். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில் சித்தூரும் சேர்த்தி. 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது, இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அதேபோல அன்றைய சேலம் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லும் உள்ளே. தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கிராமத்துக்குப் போக வேண்டும். தரகர்கள் செய்வது என்னவென்றால், பெயர் ஒத்துவரும் ஏதோ ஒரு கிராமத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, மாலை, மேளம், குலதெய்வக் கோயிலில் ஒரு பொங்கல், கண்ணீர் விட ஒரு பெரியவர். கையில் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு தாளையும் கொடுப்பார்கள். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-இல். அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிறந்த ஒரு விவசாயக் கூலிக்குச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், முகம் போகும் போக்கைப் பாருங்கள்.

ஓசிஐ அட்டை. வம்சாவளி வழியில் பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரைதான் கணக்கு. மாமனார் கப்பலில் வந்தவருக்குக் கொள்ளுப்பேரன், அவர் கேட்கலாம், கப்பல் பட்டியல் நகலும் தலைமுறைச் சங்கிலிக்கான சான்றிதழ்களும் வேண்டும். உங்கள் கணவர் அந்த வழியில் ஒரு படி தாண்டிவிட்டார். ஆனால் நீங்கள் இந்தியக் குடிமகள். திருமணம் பதிவாகி இரண்டு வருஷம் தொடர்ந்து இருந்தால் அவர் உங்கள் கணவர் என்ற முறையிலேயே விண்ணப்பிக்கலாம். தரகர் இதை உங்களிடம் சொல்லவே இல்லை, பார்த்தீர்களா?

இனி இடுகாடு. நிலக்காரர் உள்ளே விடமாட்டார் என்று பயப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் வருஷத்து 62-ஆம் எண் சட்டம், 6-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு: பிறர் நிலத்தில் இருக்கும் குடும்பச் சமாதிகளைப் போய்ப் பார்க்கவும் பராமரிக்கவும் யாருக்கும் உரிமை உண்டு, உயிர், உடைமைப் பாதுகாப்புக்கும் வேலை கெடாமல் இருக்கவும் நிலக்காரர் நியாயமான நிபந்தனை போடலாம். இதை அச்செடுத்துப் பையில் வையுங்கள், ஆனால் முதல் நாளே எடுத்து நீட்டாதீர்கள். மரியாதையாகக் கடிதம் எழுதி, எந்த நாள் வரலாம் என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வெட்டுக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பார்கள் அல்லவா, அந்தச் சூட்டில் கல் வெடிக்கும். சமாதிகளைச் சுற்றி ஒரு தீத்தடுப்பு இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள், அது கிரானைட்டை விட நூறு மடங்கு உபயோகம்.

புல் வெட்டுவது, குப்பை எடுப்பதுதான் பராமரிப்பு. கல்லை நகர்த்துவது, தோண்டுவது, மேலே கட்டுவது எல்லாம் வேறு. நகராட்சி நடத்தும் இடுகாட்டுக்கு வெளியே, 60 வருஷத்துக்கு மேற்பட்ட சமாதியை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1999-ஆம் வருஷத்து 25-ஆம் எண் பாரம்பரியச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. தோண்டும் கருவி, உலோகம் தேடும் கருவி இவற்றை உள்ளே கொண்டுபோவதற்கே அனுமதி வேண்டும். குவாசூலு-நேட்டாலில் (பழைய நேட்டால் இப்போது இந்த மாகாணத்தில்) பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் அமாஃபா அமைப்பிடம் கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலுக்குப் பதில் வராது, போனில் அந்த அதிகாரி விடுப்பு, நேரில் போனால் இது எங்கள் வேலை இல்லை, நகராட்சியைப் பாருங்கள். நகராட்சியில், இது எங்கள் இடுகாடு இல்லையே. உண்மைதான், இல்லைதான்! ஒவ்வொரு முறையும் தேதி போட்ட கடிதம், முத்திரை வாங்கிய நகல். கத்தினால் கோப்பு இன்னும் கீழே போகும். இந்த அலுப்பைத்தான் தரகர் காசாக்குகிறார், அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மீறிக் கட்டிவிட்டு அவர் போய்விடுவார், வழக்கு வந்தால் உங்கள் பெயரில் வரும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டாவதைப் பார்த்தேன். சிமென்ட் பலகை, ஈரம் காயுமுன் குச்சியால் கீறியது. உங்களுக்குப் புரியாமல் போனவை எழுத்துகளே இல்லை, பழைய சுருக்கக் குறிகள். "பிலவ ௵ ஆவணி ௴ ௰௪ ௳" என்று இருக்கிறது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௰௪ என்றால் 14. பிலவ வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும், 1901, 1961, 2021. ஸ்டாங்கர் பக்கம் 1880-களில் வந்த ஆளுக்கு 1901 ஆகஸ்ட் கடைசி வாரம் பொருந்தும், 1961 பொருந்தாது. இறந்த மாதமும் வருஷமும் கையில் வந்துவிட்டது, இனி இறப்புப் பதிவில் அந்த ஆண்டைத் திறந்து பார்த்தால் எண் கிடைக்க நல்ல வாய்ப்பு. இந்தப் பலகையை உடைத்துப் போட்டுவிட்டுத்தான் தரகர் பளபளவென்று ஆங்கிலப் பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்.

ஆகவே கல்லைத் தேய்க்க வேண்டாம். கம்பி பிரஷ், பிளீச்சிங், அழுத்தத் தண்ணீர் எதுவும் கூடாது. எழுத்தின் மேல் பெயின்ட் அடிப்பது, சாக்பீஸ் பூசுவது கூடவே கூடாது, தப்பாக நிரப்பிய ஓர் எழுத்து அப்புறம் அதுவே உண்மையாகிவிடும். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அதுவும் கல் கெட்டியாக இருந்தால் மட்டும். கல் இல்லாத குழிகளையும் விட்டுவிடாதீர்கள். நீளவாக்கில் பள்ளம், வரிசையாக வைத்த கூழாங்கல், யாரோ நட்ட செடி, எல்லாவற்றையும் ஒரு தாளில் அளந்து வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படம் எடுங்கள். அனுமதி விண்ணப்பத்துக்கும் அந்த வரைபடம்தான் கேட்பார்கள்.

மூன்றாவது, ஐந்தாவது படங்கள் நடுப்பகலில் எடுத்தவை, எழுத்து தெரியவில்லை. அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் கண்ணாடியில் வெயிலைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து அடிக்கட்டும். ஐந்தாவது கல்லின் அடியில் ஒரு வரி மண்ணுக்குள் போயிருக்கிறது. தோண்டாதீர்கள், புல்லை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தெரிகிற வரை எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.