பல்கலைக்கழகத்தில் ‘தர உறுதி’ வேலை: உங்கள் மகளுக்குப் பொருந்துமா?

உளவியல் பட்டம் முடிக்கப்போகும் மகள், பல்கலைக்கழகத்தில் ‘தர உறுதி நிர்வாகி, கற்றல் கற்பித்தல்’ என்ற வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள். இது ஆசிரியர் வேலையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, கோப்பு தூக்கும் வேலையோ என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஆனால் சரியாக நடக்கும் இடத்தில் உளவியல் படித்தவருக்கு நன்றாகவே பொருந்தும்.

வேலையின் சாரம் இதுதான்: ஒரு பட்டப்படிப்பு மாணவருக்குத் தருவதாகச் சொன்னதைத் தருகிறதா என்பதற்குச் சான்று திரட்டுவது, இல்லையென்றால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது.

உதாரணமாக ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஐந்து கற்றல் இலக்குகள். மூன்றாவது, ‘மாணவர் ஒரு கருத்தாய்வைச் சுயமாக வடிவமைப்பார்’. தர மேலாளர் முதலில் ஓர் அட்டவணை போடுவார்: எந்த இலக்கை எந்த ஒப்படைப்பு, எந்தத் தேர்வுக் கேள்வி சோதிக்கிறது? ‘வடிவமைப்பார்’ என்று எழுதிவிட்டுத் தேர்வில் வரையறை மட்டும் கேட்டிருந்தால், குறை அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும். ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதப்பட்ட இலக்கு இன்னும் மோசம். அதை அளக்கவே முடியாது; வினைச்சொல்லை மாற்றும்படி பேராசிரியரிடம் பேசவேண்டும்.

அடுத்தது அளவுகோல். 70 விழுக்காட்டினர் அந்தக் கேள்வியில் நூற்றுக்கு 60 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்று துறை முடிவுசெய்திருந்தால், 60 பேர் வகுப்பில் 42 பேர் தேறவேண்டும். தேறியவர் 33 என்றால் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. கேள்வி குழப்பமாக இருந்ததா? 13 வாரப் பருவத்தில் அந்தப் பகுதி 12ஆம் வாரம்தான் வந்ததா? பயிற்சி வகுப்பே இல்லையா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மொத்த கிரேடைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. ‘பி’ வாங்கிய மாணவர் ஐந்து இலக்குகளில் எதில் சறுக்கினார் என்று கிரேடு சொல்வதில்லை. அங்கீகாரக் குழுக்கள் கிரேடை மட்டும் சான்றாக ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

மாணவர் கருத்துப் படிவத்திலும் இதே கவனம் தேவை. 60 பேரில் 9 பேர் மட்டும் பதில் சொல்லி, ஐந்துக்கு எட்டுப் பேர் 5, ஒருவர் 1 போட்டால் சராசரி 4.56. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 51 பேர் வாயே திறக்கவில்லை. அந்தச் சராசரியை வைத்து ஓர் ஆசிரியரின் பதவி உயர்வைப் பேசுவது நியாயமில்லை என்று எழுத்தில் சொல்லும் துணிவு வேண்டும். மாதிரியின் அளவு, பதிலளிக்காதவரின் சாய்வு எல்லாம் உங்கள் மகள் ஆய்வுமுறை வகுப்பில் படித்தவை.

யாருக்காக இவ்வளவும்? சிங்கப்பூரின் 6 தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்வி அமைச்சின் தர உறுதிக் கட்டமைப்பு உண்டு: பல்கலைக்கழகம் தன்னைத் தானே மதிப்பிட்டு அறிக்கை எழுதும், பிறகு வெளி நிபுணர் குழு வந்து பார்க்கும். பொறியியலுக்குத் தனி அங்கீகார வாரியம் இருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் சிங்கப்பூர் 2006இல் முழு உறுப்பினரானது. வணிகப் பள்ளிகளுக்கு ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ் என்ற அனைத்துலக அங்கீகாரங்கள் உண்டு. தனியார் கல்வி நிலையங்கள் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் வேண்டும்; நன்றாகச் செய்தால் 4 ஆண்டு, குறை இருந்தால் 1 ஆண்டுத் தற்காலிகச் சான்று. அதனால் அங்கே வேலை அழுத்தம் அதிகம், கற்றுக்கொள்வதும் வேகம். முதல் வேலைக்குத் தனியார் நிலையத்தை ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன்.

நேரடியாக ‘மேலாளர்’ பதவி கிடைக்காது. நிர்வாகி அல்லது துணை மேலாளராகத்தான் நுழைய முடியும். ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை, தரவை வரைபடமாக்கும் பவர் பிஐ மென்பொருள், எழுத்துவழிக் கருத்துகளை வகைப்படுத்தும் பழக்கம் மூன்றும் கைவரவேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கமான அறிக்கை எழுதத் தெரியாவிட்டால் மற்ற திறமை எதுவும் கண்ணில் படாது. மாணவர் பெயரோடு வரும் கருத்துகளைக் கையாளும்போது தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளும் கூடவே வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, பெற்றோர் யோசிக்காதது: இந்த வேலையில் அதிகாரம் கிடையாது. இருபது வருடம் பாடம் நடத்திய பேராசிரியரிடம் கேள்வித்தாளை மாற்றச் சொல்லவேண்டும். அவர் மறுத்தால் கட்டளையிட முடியாது. எண்ணைக் காட்டி, பொறுமையாக, அடுத்த பருவத்துக்குள் ஒரு சிறு மாற்றத்துக்காவது ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும். சட்டென்று முகம் வாடும் பிள்ளைக்கு இது கஷ்டம்.

பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு. அவள் படித்த ஏதாவது ஒரு பாடத்தின் திட்டத்தை எடுத்து, இலக்குகளை ஒரு பக்கமும் ஒப்படைப்புகளை மறுபக்கமும் எழுதிக் கோடு போட்டு இணைக்கட்டும். எந்தக் கோடும் வராத இலக்கைக் கண்டதும் ‘ஏன்?’ என்று தோண்டினால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். சலிப்பு தட்டினால் விட்டுவிடலாம், அரைநாள்தானே போகும்.

நேர்காணலுக்குப் போனால், கடைசி மறுஆய்வுக்குப் பிறகு எந்தப் பாடத்தில் என்ன மாறியது, அந்த மாற்றம் பலித்ததா என்று அடுத்த ஆண்டு யார் பார்த்தார்கள் என்று அவள் கேட்கட்டும். பாடத்தின் பெயரோடு பதில் வந்தால் நல்ல அலுவலகம். எத்தனை படிவம் நிரப்பினோம் என்று மட்டும் சொன்னால், நீங்கள் பயந்த கோப்பு வேலை அதுதான்.