டச்சுக் கோட்டோவியங்களில் வருவதுபோல் 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்து கிராமங்கள் அமைதியாக இருந்தனவா?

அப்படிச் சொல்ல முடியாது. ஓவியர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்தார்கள். ஆனால் எதை விட்டுவிடுவது என்பதில் கவனமாக இருந்தார்கள்.

1612-இல் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் பணத்தில், காற்றாலைகள் நீரை இறைத்து, பேம்ஸ்டர் ஏரி விளைநிலமானது. நூல் பிடித்தாற்போல் நேரான கால்வாய்கள், சதுரசதுரமாக வயல்கள். அந்தப் புது நிலம் படங்களில் அபூர்வம்.

ஓவியர் யான் வான் கோயன் 1650-களில் கறுப்புச் சுண்ணக்கட்டியால் தீட்டியவற்றைப் பாருங்கள்: வளைந்த வண்டிப்பாதை, சரிந்த கூரைக் குடிசை, படகுத்துறையில் சும்மா நிற்கும் ஆட்கள், தாளில் பாதிக்கு மேல் வானம். முதுகு ஒடியும் வேலை அரிதாகவே தெரியும். ஸ்பெயினுடன் 1648 வரை நீண்ட போரின் தழும்புகளும் அப்படித்தான்.

இந்தப் படங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரவாசிகள். நெரிசலில் வாழ்ந்தவர்களுக்கு மாறாத பழைய நாட்டுப்புறம் தேவைப்பட்டது. இருந்தும் அந்த வானமும் ஈரக்காற்றும் அசல் என்றே எனக்குத் தோன்றுகிறது.