கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் முன்: நன்கொடையாளரின் பின்புலத்தைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதி திரட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளை ஆய்வுக்கூடம் கட்டப் பெருந்தொகை தர முன்வந்திருக்கிறது. கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்கிறார்கள். கூகுளில் தேடிப் பார்த்தோம், தவறாக எதுவும் சிக்கவில்லை. இது போதுமா? எங்கள் பிரிவில் இருப்பதே இரண்டு பேர்தான்.

பதில்: போதாது. பெயரைத் தட்டியதும் முதலில் வருபவை பெரும்பாலும் அவர் தரப்பே வெளியிட்ட செய்திக்குறிப்புகளும் விருதுச் செய்திகளும்தான். ஆனால் இரண்டு பேரே இருந்தாலும் சோதனையை முறையாகச் செய்துவிடலாம். அது முடியும்வரை நன்றிக் கடிதம், புரிந்துணர்வு ஒப்பந்தம், சேர்ந்து நின்று படம் எடுப்பது எதுவும் வேண்டாம். வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு கிடைக்கும் கெட்ட செய்தியை நிர்வாகம் காதில் வாங்க விரும்பாது.

முதலில் யாரைச் சோதிக்கிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. பதிவு எண், அறங்காவலர்கள் யார், அதற்குப் பணம் போடுவது யார், அந்த நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று நான்கையும் கேட்டு வாங்குங்கள். தனிநபர் என்றால் முழுப்பெயர், பிறந்த தேதி, பெயரின் மற்ற எழுத்துக்கூட்டல்கள் வேண்டும். இனிஷியலோடு தேடினால் தடைப் பட்டியலில் (அரசுகளும் ஐ.நா.வும் பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியல்) இருப்பவர்கூட நழுவிவிடுவார். பொதுவான பெயராக இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் வழக்கு இவர் தலையில் விழும்.

அடுத்து தடைப் பட்டியல்கள்: ஐ.நா. பாதுகாப்பு அவை, அமெரிக்க நிதித்துறை, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகியவை வெளியிடுபவை. எல்லாம் இலவசம். ஓபன்சாங்ஷன்ஸ் தளத்தில் இவற்றை ஒரே இடத்தில் தேடலாம். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். தடை விதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் அமெரிக்க விதிப்படி தடைக்குள் வந்துவிடும், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும்கூட. கசிந்த ஆவணங்களிலிருந்து வெளிநாட்டு மறைவு நிறுவனங்களையும் அவற்றோடு தொடர்புடையவர்களையும் தொகுத்த ஆஃப்ஷோர் லீக்ஸ் தரவுத்தளத்தையும் பாருங்கள். அதில் பெயர் இருப்பது மட்டுமே குற்றமாகாது, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் செய்தித் தேடல். அவர் தர்ம காரியங்களில் இறங்கிய ஆண்டைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய காலத்தை மட்டும் தேதி வரம்பிட்டுத் தேடுங்கள். விளம்பரச் செய்திகள் குவிவதற்கு முன் எழுதப்பட்டவை அங்கேதான் கிடைக்கும். தொழில் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டு மொழியில், பெயரோடு வழக்கு, மோசடி, லஞ்சம், நிலத்திலிருந்து மக்களை வெளியேற்றுதல், தொழிலாளர், மாசு போன்ற சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். நிறுவனத்தின் பழைய இணையப் பக்கங்கள், வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இருக்கும். பழைய இயக்குநர் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் காணாமல்போன பெயர்களைக் கவனியுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இவ்வளவு சொத்து எப்படிச் சேர்ந்தது? இந்தக் குறிப்பிட்ட தொகை யாருடைய கணக்கிலிருந்து வருகிறது? இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் பொருளாதாரப் பள்ளி (LSE) என்ற பல்கலைக்கழகம் சாட்சி. லிபியத் தலைவர் கடாஃபியின் மகன் சைஃப் நடத்திய அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் பவுண்டு பெற அது 2009இல் ஒப்புக்கொண்டது. பணம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது சரியாக உறுதிசெய்யப்படவில்லை. சோதனையின் பெரும்பகுதியைச் செய்தவரோ, அந்தப் பணத்தில் நடக்கவிருந்த ஆய்வுத் திட்டத்தோடு தொடர்புடைய பேராசிரியர். இந்த விவகாரத்தால் 2011இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் இயக்குநர் பதவி விலகினார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அதற்குக் கொடை கொடுத்த அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீன், பாலியல் குற்றத்தில் 2008இலேயே குற்றவாளி என்று தீர்ப்பானவர், அது நிறுவனத்தின் மூத்த அதிகாரிகள் சிலருக்குத் தெரியும். ஆனால் சர்ச்சைக்குரிய கொடையை என்ன செய்வது என்ற கொள்கை எழுத்தில் இல்லை. சிறிய தொகையாக, பெயர் வெளியே வராமல் வாங்கிக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். 2002 முதல் 2017 வரை அவரிடமிருந்து வந்தது 8.5 லட்சம் டாலர், அதில் பெரும்பகுதி தண்டனைக்குப் பிறகு வந்தது.

அதனால்தான் முடிவெடுப்பவர் யார் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறோம். பணத்தைக் கொண்டுவருபவருக்கும் அதைச் செலவழிக்கப்போகும் துறைக்கும் ஓட்டு இருக்கக் கூடாது. நிதி, சட்டம், ஆசிரியர் தரப்பிலிருந்து ஒவ்வொருவர் என மூன்று பேர் கொண்ட கமிட்டி போதும். முடிவும் அதற்கான காரணமும் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பெயரை வெளியிடாமல் கொடுக்க விரும்புவதில் தவறில்லை. ஆனால் அவர் யாரென்று அந்தக் கமிட்டிக்கும் தெரியாது என்றால் வாங்காதீர்கள்.

கிடைத்த தகவல்களை ஒரே எடையில் வைக்காதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பு ஒரு ரகம், ஒழுங்குமுறை அமைப்பின் உத்தரவு அதற்கு அடுத்தது, ஆவணங்களோடு வந்த புலனாய்வுச் செய்தி அதற்கும் அடுத்தது, பெயரில்லாத சமூக ஊடகப் பதிவு கடைசி. குற்றச்சாட்டைக் குற்றம் என்று எழுதாதீர்கள். பல நாடுகளில் தன்னைப் பற்றிய ஃபைலைக் கேட்டுப் பெறும் உரிமை நன்கொடையாளருக்கு உண்டு, அவர் படிக்கப்போகிறார் என்று நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். சட்டப்படி சுத்தமான பணம்கூட உங்கள் நோக்கத்தோடு மோதலாம்: புற்றுநோய் ஆய்வுக்குப் புகையிலை நிறுவனத்தின் பணம் போல.

சிறு தொகைகளுக்கு இத்தனையும் வேண்டாம், அரை மணி நேரப் பட்டியல் சோதனை போதும். உங்களுடையது போலப் பெயர் சூட்டும் கொடைக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். அரசியல் பதவியில் இருப்பவரோ அவர் குடும்பத்தினரோ சம்பந்தப்பட்டிருந்தால், அல்லது உரிமையாளர் யாரென்றே புலப்படாவிட்டால், வெளி நிபுணரிடம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் பெயருக்குக் கால வரம்பு வையுங்கள். நற்பெயருக்குக் கேடு வந்தால் பணத்தைத் திருப்பாமலே பெயரை நீக்கும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். போதை அடிமைத்தனத்துக்குக் காரணமானதாகக் குற்றம் சாட்டப்பட்ட வலிநிவாரணி மருந்தின் நிறுவன உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரை அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் நீக்கியபோது குடும்பத்தின் தரப்பு எதிர்த்தது. நியமனம், ஆய்வு வெளியீடு இவற்றில் கொடையாளருக்குக் குரல் கூடாது. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பட்டியல்களை மறுபடி பாருங்கள். ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு, 'மிச்சத்தை இந்த வேறு கணக்குக்கு அனுப்புங்கள்' என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அது கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் பழைய வழி. திருப்புவதானால் வந்த கணக்குக்கே, அதுவும் வங்கியிடமும் வழக்கறிஞரிடமும் கேட்ட பிறகுதான்.

கூட்டாளி நிறுவனங்களுக்கும் இதே சோதனைதான், ஆனால் அங்கே பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது. அதனால் வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தணிக்கை செய்த கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு கையில் வருமா, உலக வங்கி விலக்கிவைத்த நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா, வேலையை யாருக்குத் துணை ஒப்பந்தம் விடுவார்கள் என்பதையும் கேளுங்கள். அலுவலகத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

மறுக்க முடிவெடுத்தால் நீண்ட விளக்கம் வேண்டாம். 'எங்கள் கொடை ஏற்புக் கொள்கைக்குள் இது அமையவில்லை' என்று நேரில் சொல்லிவிட்டு, இரண்டு வரியில் கடிதம் கொடுங்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கொள்கை முன்பே ஆட்சிக்குழுவின் ஒப்புதலோடு எழுத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் இல்லையென்றால், இந்த நன்கொடையைப் பற்றிய கூட்டத்துக்கு முன் முதல் வேலை அதுதான்.