குடியேறியவர்களால்தான் தொழுநோய் பரவுகிறதா?

கேள்வி: அமெரிக்காவில் தொழுநோய் கண்டறியப்படுபவர்களில் பலர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று, டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான். அப்படியானால் குடியேறியவர்கள்தான் அந்த நோயை அங்கே பரப்புகிறார்களா? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. ஆனால், அதிலிருந்து நீங்கள் கேட்கும் முடிவுக்கு வர முடியாது. 1994 முதல் 2011 வரை அந்நாட்டின் தேசியப் பதிவேட்டில் 2,323 புதிய நோயாளிகள் பதிவாயினர். வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே 1994–96இல் பத்து லட்சம் பேருக்கு 3.66 ஆக இருந்த ஆண்டு விகிதம், 2009–11இல் 2.29 ஆகக் குறைந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிடையே அது இரு காலங்களிலும் 0.16தான். இடைப்பட்ட ஆண்டுகளில் குடியேறியவர்களின் தொகை வெகுவாகப் பெருகியது. அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பெருமளவில் தொற்றியிருந்தால், இந்த இரண்டாவது விகிதம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

அங்கே பிறந்தவர்களுக்கு எப்படி வருகிறது என்பதற்கு 2011இல் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. லூசியானா, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த சிறு விலங்கு ஏராளம். அதன் உடல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான். குளிர்ச்சியை நாடும் தொழுநோய்க் கிருமி அதனுள் நன்றாக வளர்கிறது. அத்தகைய பகுதிகளில் வசித்த 39 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 25 பேரின் கிருமியும் ஆர்மடில்லோவிடம் கண்ட கிருமியும் ஒரே மரபணு வகையாக இருந்தன. உங்கள் மகன் அந்த விலங்கைத் தொடாமலும் அதன் இறைச்சியைக் கையாளாமலும் இருப்பது நல்லது.

குடியேறியவர்களைப் பொறுத்தவரை, எனக்கு உண்மையில் கவலை தருவது தாமதம். இந்நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும்; சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருப்பதால், இங்கே தொற்றிய கிருமி பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே தலைகாட்டுவதில் வியப்பில்லை. நம் ஊரில் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கூடத் தேமலைப் பார்த்ததும் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். இந்நோயையே பார்த்திராத அமெரிக்க மருத்துவரோ படை என்று எண்ணிக் களிம்பு எழுதிக் கொடுத்துவிடக்கூடும். அறிகுறி தோன்றி ஓராண்டுக்கு மேல் கழித்து நோய் கண்டறியப்படுவது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடமே அதிகம் என்று அதே பதிவேடு காட்டுகிறது. நரம்பு மரத்து, சுட்ட பாத்திரத்தைப் பிடித்தும் வலி தெரியாமல் விரல்கள் புண்ணாவது இந்தத் தாமதத்தால்தான். வேலூரில் அத்தகைய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், பின்னர் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோதும் வலியற்ற கைகால்களைக் காப்பதையே வலியுறுத்தினார்.

மனிதர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு இந்நோய் எளிதில் வராது. வந்தாலும் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகும், சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் நீங்கிவிடும். ஆகவே, மகனின் தோலில் நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றினால், கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் பஞ்சுத் திரியால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால், தான் பிறந்து வளர்ந்தது இந்தியாவில் என்பதை மருத்துவரிடம் அவராகவே முதலில் சொல்லட்டும்.