கேளுங்கள், சொல்கிறோம்: சர்ச் ஸ்ட்ரீட் சுரங்க நிலையம்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சர்ச் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஓஷன் பீச் கடற்கரைக்கு ‘என்’ தடத்தில் ஏறச் சொன்னார்கள். கீழே இறங்கி அரை மணி நேரம் நின்றும் அந்த வண்டி வரவில்லையே?

பதில்: அரை நாள் நின்றிருந்தாலும் வந்திருக்காது. சர்ச் என்பது ஒரே பெயர். வண்டி நிற்பதோ கீழே ஓரிடம், மேலே ஓரிடம். மார்க்கெட் தெருவுக்கு அடியில் உள்ள நடைமேடைக்கு வருபவை கே, எல், எம் தடங்கள். ‘என்’, ‘ஜே’ வண்டிகள் வான் நெஸ் நிலையத்தைத் தாண்டியதுமே பிரிந்து, டுபோஸ் அவென்யூவில் தரைக்கு ஏறிவிடும். சுரங்கத்தின் வாய் அங்கேதான் இருக்கிறது. ஆகவே படியேறி வெளியே வந்து, சர்ச் தெருவில் டுபோஸ் முனைக்கு நடந்துவிடுங்கள். ‘என்’ தட வண்டி அங்கே தெருவிலேயே நிற்கும்.

கேட்டில் கிளிப்பர் என்ற பயண அட்டையைத் தட்டிவிட்டோமே என்று பதற வேண்டாம். முதலில் தட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் முனி எனப்படும் நகரப் போக்குவரத்தின் இன்னொரு வண்டியில் ஏறினால் மறுபடி கட்டணம் பிடிக்காது. ஆனால் ஏறியதும் கதவருகே உள்ள கருவியில் தட்டிவிடுங்கள். தட்டாமல் உட்கார்ந்து பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான். இன்னொரு வழியும் உண்டு: கீழேயே எல் வண்டியைப் பிடித்து மிருகக்காட்சிசாலை வரை போய், அங்கிருந்து கடற்கரைக்கு நடக்கலாம். டவுன்டவுன் போவதென்றால் யோசிக்கவே வேண்டாம். ‘இன்பவுண்ட்’ பக்கம் வரும் மூன்று தடங்களில் எதுவும் சரி.

கேள்வி: தெருவில் ஏறியபோது கதவருகே படிகள் இருந்தன. சுரங்கத்தில் இறங்கும்போது காணோம். வேறு வண்டியா?

பதில்: அதே வண்டிதான். சுரங்க நடைமேடை உயரம், தெரு தாழ்வு. இரண்டுக்கும் ஈடுகொடுக்க, படிகளே மேலும் கீழும் நகரும்படி செய்திருக்கிறார்கள். தெருவில் பள்ளமாக இறங்கியிருக்கும் படிகள், சுரங்கத்தில் வண்டியின் தரையோடு மட்டமாக எழுந்து நிற்கும். சுரங்க வாயை நெருங்கும்போது அந்தப் பள்ளத்தில் நிற்காதீர்கள். ஆள் நின்றால் படி எழும்ப முடியாது, வண்டியும் தாமதமாகும். சக்கர நாற்காலியோடு வருபவர்கள் தெரு நிறுத்தங்களில் சாய்தள மேடை உள்ள இடமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எல்லா நிறுத்தத்திலும் அது கிடையாது.

கேள்வி: சுரங்கத்துக்குள் வண்டி அடிக்கடி நின்று நின்று போகிறதே?

பதில்: தெருவில் ஓட்டுநர் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார், சுரங்கத்துக்குள் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. கைமாறும் இடம்தான் வில்லங்கம். நுழைவாயிலில் தண்டவாளத்து கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் வண்டியை அடையாளம் காண வேண்டும். காணாவிட்டால் ஓட்டுநர் கையால் மெதுவாக ஓட்ட, பின்னால் வருபவை எல்லாம் வரிசை கட்டும். சுரங்கத்தின் மேற்கு வாயான வெஸ்ட் போர்ட்டலில் இது இன்னும் மோசம்: கே, எல், எம் மூன்றும் அங்கே ஒன்று சேர்கின்றன. இந்தக் கம்ப்யூட்டர் அமைப்பு 1998-இல் வந்தது. அதன் மென்பொருளைக் காலையில் 5¼ அங்குல ஃபிளாப்பி டிஸ்க்குகளிலிருந்து ஏற்றுகிறார்கள், நம்புங்கள்! அதை மாற்ற 2024-இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்துடன் 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அவசர வேலை இருந்தால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.